தூதரகம் இல்லாத சம்பந்தம்

“தம்பி, ஒங்க பக்கம் யாரு?”

அப்பா கேட்டது இவ்வளவுதான். பரிசம் போடுகிற வீட்டில் எல்லாரும் கேட்கிற கேள்வி. அதற்கு மாப்பிள்ளை பதில் சொல்ல வேண்டியதே இல்லை. தாய்மாமன் முன்னால் நகர்ந்து உட்காருவார், சித்தப்பா தொண்டையைச் செருமுவார், பேச்சு தானாக நடக்கும்.

அன்றைக்கு யாரும் செருமவில்லை.

கோலாலம்பூருக்கு வடக்கே, சிலிம் ரிவருக்குப் பக்கத்தில் எங்கள் ரப்பர்த் தோட்டம். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து வாசலில் கித்தான் பந்தல் போட்டு, எதிரும் புதிருமாக இரண்டு பாய் விரித்திருந்தோம். எங்கள் பாயில் இடம் போதாமல் பிள்ளைகள் பெரியவர்கள் மடியில் ஏறியிருந்தார்கள். எதிர்ப் பாயில் ஒரே ஓர் ஆள். அந்த வெயிலில் கோட்டுப் போட்டுக்கொண்டு, மடியில் தாம்பாளத்தை வைத்துக்கொண்டு, வேர்த்து வழிய உட்கார்ந்திருந்தார். அந்தத் தாம்பாளமும் எங்கள் வீட்டுடையதுதான். காலையில் நானே புளி போட்டுத் தேய்த்துக் கொடுத்தேன்.

அவருக்குத் தமிழ் தெரியாது. என்னைப் பார்த்தார். நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் மெல்லிய குரலில் சொன்ன பதிலை நான் பந்தலுக்கே கேட்கிற மாதிரி திருப்பிச் சொல்ல வேண்டியதாயிற்று.

“யாரும் இல்லையாம்ப்பா. அவரு மட்டுந்தானாம்.”

அவர் தனியாக வருகிறார் என்பது முன்பே தெரிந்த விஷயம்தான். ஆனாலும் அத்தனை பேர் முன்னால் என் வாயாலேயே அதைச் சொன்னபோதுதான் உறைத்தது. எங்கள் அக்காவைக் கட்டிக்கொண்டு போகப் போகிறவருக்கு இந்த நாட்டில் ஈ காக்கா கிடையாது.

மாதிரின்னா என்னாடி?

போன வாரம் இந்தப் பத்தியில் அக்கா கல்யாணத்தை ஒரே வரியில் எழுதிவிட்டுத் தாண்டிப் போனேன். விடுவார்களா? “கயானா மாப்பிள்ளையா? அது எந்த ஊரு, என்னா கதை?” என்று பாகான் செராய் வாசகி ஒருவர் போன் போட்டே கேட்டுவிட்டார். சொல்லிவிடுகிறேன் அம்மா, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எழுபதுகளில் நன்றாகப் படித்த தோட்டத்துப் பெண்கள் சிலர் தாதிப் பயிற்சிக்கு இங்கிலாந்து போனார்கள். எங்கள் தோட்டத்திலிருந்து அப்படிப் போன முதல் பெண் என் சரசு அக்கா. கிரிக்கெட் ஆடிக் காலை ஒடித்துக்கொண்டு அவளுடைய வார்டுக்கு வந்து சேர்ந்தவர்தான் நெவில் மூன்சாமி. கயானாவிலிருந்து லண்டனுக்கு ஆசிரியர் பயிற்சிக்கு வந்தவர். கால் கூடிவிட்டது. ஆள் வார்டை விட்டுப் போனபாடில்லை.

அக்காவின் கடிதத்தை நான் வாசித்தபோது அம்மா அடுப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“வெள்ளக்காரனாடி?”

“இல்லம்மா. நம்ம ஆளு மாதிரிதானாம்.”

“மாதிரின்னா என்னாடி மாதிரி? ஒண்ணு நம்ம ஆளு, இல்லாட்டி வேத்தாளு. நடுவுல என்னா மாதிரி?”

கயானாவைத் தேடத் தோட்டத்துப் பள்ளி வாத்தியாரிடம் அட்லஸ் இரவல் வாங்கி வந்தேன். அதில் அந்த நாட்டுக்கு இன்னும் வெள்ளைக்காரன் வைத்த பழைய பெயர்தான் இருந்தது. தென்னமெரிக்காவின் தலைமாட்டில், கடலோரத்தில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. நாங்கள் படத்தின் இந்த ஓரம், அவர்கள் அந்த ஓரம். அப்பா தாளை வளைத்து இரண்டு ஓரத்தையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். விட்டதும் தாள் பழையபடி விரிந்துகொண்டது.

நெவிலின் முன்னோரும் எங்கள் முன்னோரும் மதராஸில்தான் கப்பல் ஏறியிருக்கிறார்கள். அந்தக் கப்பல் கரும்புக்குப் போயிருக்கிறது, இந்தக் கப்பல் ரப்பருக்கு வந்திருக்கிறது. பரிசத்துக்கு முதல் நாள், தண்ணீர் கேட்கக்கூடத் தமிழ் தெரியாத அந்த மனிதர் ஓர் அம்மன் பாட்டை முழுசாகப் பாடினார். அர்த்தம் தெரியாதாம். அவருடைய அப்பா பாடக் கேட்டு மனப்பாடமாம். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அக்கம்பக்கத்து லயத்துப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அப்பா மட்டும் அசையவில்லை. “பாட்டுப் பாடுறவனெல்லாம் பொண்ண வச்சுக் காப்பாத்திருவானாலா?” என்றார்.

வெற்றிலை பாக்கோடு கோலாலம்பூருக்கு

அப்பா பால்மரம் வெட்டுகிறவர், அதாவது ரப்பர்ப் பால் எடுக்கிறவர். தோட்டத்துத் தொழிற்சங்கக் கிளைக்குத் தலைவரும் அவர்தான். அதனால் அவருக்கு ஒரு பழக்கம். எந்தத் தகராறு வந்தாலும், ‘யார் கதவைத் தட்டலாம்?’ என்றுதான் முதலில் யோசிப்பார். மேஸ்திரியான தண்டல் ஏசினால், ஆபீசு கிராணி. கிராணி காது கொடுக்காவிட்டால் துரை. துரையும் முறைத்தால் ஈப்போவில் இருக்கிற சங்க ஆபீஸ். கதவே இல்லாத சுவர் உலகத்தில் கிடையாது என்று நம்பிய மனிதர்.

நெவிலுக்குத் தாய் தகப்பன் இல்லை. ஒரே அக்கா, அவர் கனடாவில். மற்ற உறவுகள் வரலாமென்றால் அவர்கள் நாட்டில் வெளிநாட்டுப் பணம் கிடைப்பது குதிரைக் கொம்பு. இதையெல்லாம் கேட்டுவிட்டு அப்பா ஒரு முடிவுக்கு வந்தார்.

“கோலாலம்பூர்ல அவங்க நாட்டு ஆபீசு இருக்கும்லா? அங்கேருந்து ஒரு பெரிய மனுசன் வந்து மாப்பிள்ள பக்கம் உக்காரட்டும். நாளைக்கு நம்ம பொண்ணுக்கு ஒண்ணுன்னா அவருகிட்ட போயி கேக்கலாம்.”

சிரிக்காதீர்கள். அப்போது எனக்கும் அது கோணலாகப் படவில்லை. தூதரகம் என்றால் அந்த நாட்டுக்காரனுக்குப் பங்காளி வீடு என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், மேலே மஞ்சள் தடவிய பத்திரிகை. அப்பாவும் நானும் தாம்பாளத்தோடு பஸ் ஏறினோம். தூதரகங்கள் இருக்கிற ஜாலான் அம்பாங் தெரு முழுக்கக் கொடி கொடியாகப் பறந்தது. ஒவ்வொரு வாசலிலும் காவல்காரரிடம் விசாரித்தோம். அந்தப் பெயரையே யாரும் கேள்விப்பட்டதில்லை. கடைசியில் ஒருவர் இரக்கப்பட்டு ஓர் அரசாங்க அலுவலகத்துக்கு வழி சொன்னார்.

முகப்பில் ஓர் இளம் மலாய் அதிகாரி. தாம்பாளத்தைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார். அப்பா மலாயில் விஷயத்தைச் சொன்னார். அவர் உள்ளே போய் யாரையோ கேட்டுவிட்டு வந்தார்.

“தாக் அடா லா, பாக்சிக்.”

‘இல்லை, மாமா’ என்கிறார். அவர்களுக்கு இங்கே அலுவலகம் கிடையாது.

“அங்க நம்ம ஆபீசு?”

“அதுவும் தாக் அடா.”

அப்பாவுக்கு விளங்கவில்லை. நாடு என்று இருந்தால் போக வர ஒரு கதவு இருக்க வேண்டாமா? அந்தப் பையன் பொறுமையாக விளக்கினான். அவன் மலாயில் சொன்னதை நம் பேச்சில் சொல்கிறேன்.

“பாக்சிக், அவங்க சீனி விக்கிறாங்க, நாம ரப்பர் விக்கிறோம். அவங்ககிட்ட நாம வாங்க ஒண்ணுமில்ல, நம்மகிட்ட அவங்க வாங்கவும் ஒண்ணுமில்ல. கப்பல் கெடையாது, பிளேன் கெடையாது. ஆபீஸ் தொறந்தா அதுக்கு வாடகை யாரு கட்டுறது?”

“உலக மாநாட்டுல நம்ம மந்திரியும் அந்தப் பக்கத்து மந்திரிங்களும் கையப் புடிச்சிக்கிட்டு நிக்கிற படமெல்லாம் பேப்பர்ல வருதே?”

“படம் எடுக்கலாம் பாக்சிக். படத்துக்கு வாடகை இல்ல.”

அப்பா வாழைப்பழச் சீப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டார். “அப்ப எம் மகளுக்கு அங்க ஒண்ணுன்னா, எந்தக் கதவத் தட்டுவா?”

பையன் தயங்கினான். லண்டனில் நம் அலுவலகம் இருக்கிறது, அங்கே எழுதிப் போடலாம் என்றான். அவசரமென்றால் அந்த ஊரில் இருக்கிற பிரிட்டிஷ்காரர் அலுவலகத்தில் கேட்டுப் பார்க்கலாம் என்றான்.

“வெள்ளக்காரன் போயிட்டான், சுதந்திரம்னு மெர்டேக்கா கொண்டாடுனோமே துவான். ரெண்டு தோட்டத்துக்காரனும் பேசிக்கணும்னா இன்னமும் அவன் வீட்டு வாசல்லதான் போயி நிக்கணுமா?”

எங்கள் மனசு நோகக்கூடாதென்று ஒரு வாழைப்பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டான். நல்ல பிள்ளை. திரும்பி வருகிற பஸ்ஸில் வெற்றிலை என் மடியிலேயே வாடியது.

அம்மா எழுந்தாள்

சரி, பந்தலுக்கு வருகிறேன். ‘அவரு மட்டுந்தான்’ என்று நான் சொன்னேன் இல்லையா? அப்புறம் சித்தப்பா ஆரம்பித்தார்.

“ஆளில்லாதவனுக்கு எப்படிண்ணே பொண்ணு குடுக்கிறது? நாளைக்குக் கைய நீட்டி அடிச்சான்னா யாரப் புடிச்சுக் கேப்ப?”

“அதானே?” என்றது ஒரு குரல். “நாட்டுக்கே இங்க ஆளு இல்லையாம்லா!” என்றது இன்னொன்று. நெவிலுக்கு வார்த்தை புரியாவிட்டாலும் முகங்கள் புரிந்துவிட்டன. அவர் தாம்பாளத்தை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். உள்ளே அக்காவின் வளையல் சத்தம் சட்டென்று நின்றது. இந்தச் சம்பந்தம் முறிந்தது என்றுதான் நினைத்தேன்.

அப்போதுதான் அம்மா சமையல்கட்டிலிருந்து வந்தாள். இந்தக் கல்யாணமே வேண்டாமென்று சோறு தண்ணி இல்லாமல் கிடந்தவள் அவள். பந்தலுக்குள் வந்து, எங்கள் பாயைத் தாண்டி, எதிர்ப் பாயில் நெவிலுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அவர் மடியிலிருந்த தாம்பாளத்தை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“இவன் பக்கம் நான் இருக்கேன். கேக்கிறத என்கிட்ட கேளுங்க.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெண்ணைப் பெற்றவள் மாப்பிள்ளை பக்கம் உட்காருவதா? எந்த ஊரில் நடக்கும்?

“ஏ புள்ள, ஒனக்கென்னா பைத்தியமா? நீ பொண்ணு வீடுலா!” அப்பா கத்தினார்.

“பொண்ணு வீட்டுக்குத்தான் நீங்க இத்தன பேரு இருக்கீங்களே. ஒத்தப் புள்ளைய உக்கார வச்சு ஊரே கேள்வி கேக்குறீங்க. பாக்கச் சகிக்கல. எம் மவன் ஒங்க பொண்ண அடிச்சான்னா அவன நான் கேக்கிறேன். போதுமா?”

எத்தனையோ துரைமார்களுக்கு எதிரில் உட்கார்ந்து வாதாடியவர் என் அப்பா. அன்றைக்கு வெற்றிலையை எடுத்து அம்மா கையில் கொடுத்தார். அம்மா கொடுத்ததை வாங்கிக்கொண்டார். பரிசம் முடிந்தது.

சாயந்தரம் அப்பாவும் நெவிலும் என்னை நடுவில் உட்கார வைத்துப் பேசினார்கள். நெவிலின் அப்பா கரும்பு வெட்டுகிறவர், அங்குள்ள சங்கத்தில் இருந்தவர் என்று அப்போதுதான் தெரிந்தது. அப்பாவின் முகம் முதல்முறையாக மலர்ந்தது. எந்த வேலைநிறுத்தத்தில் யார் ஜெயித்தது என்று இரண்டு பேரும் என் தொண்டை வறளும்வரை பேசினார்கள்.

ஆனால் எல்லாரும் போன பிறகு அப்பா என்னிடம் சொன்னார்: “இங்க ஒங்கம்மா உக்காந்துட்டா. அங்க இவ பக்கம் எவ உக்காருவா?”

காதில் அக்கா குரல்

எண்பதுகளின் தொடக்கம். அக்கா கயானா போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. ஒரு பிள்ளை. நெவில் பள்ளிக்கூடத்தில் வேலை செய்தார். அக்காவின் கடிதங்களில் கோதுமை மாவு கிடைக்கவில்லை, பருப்பு கிடைக்கவில்லை என்று ஒரே பஞ்சப்பாட்டு. நான் ஈப்போவின் புந்தோங் பகுதியில் அறை எடுத்துத் தங்கி, ஈப்போ தொலைபேசி நிலையத்தில் வெளியூர்க் கோடு இணைக்கிற டிரங்கால் பிரிவில் இருந்தேன்.

ஒருநாள் காலை, கோலாலம்பூர் நிலையத்துப் பெண் கூப்பிட்டாள். “ஈப்போ, லண்டன் வழியா ஒரு கால். ஜார்ஜ்டவுன்லேருந்து.”

எங்களுக்கு ஜார்ஜ்டவுன் என்றால் பினாங்கு. கயானாவின் தலைநகருக்கும் அதே பெயர் என்பது அந்த நொடி உறைக்கவில்லை. பினாங்குக்காரன் எதற்கு லண்டனைச் சுற்றி வருகிறான் என்று கிண்டல் பண்ண வாயைத் திறந்தேன்.

“தேவி?”

அக்கா! அக்கா போன் பண்ணுகிறாளென்றால் அங்கே ஏதோ நடக்கக்கூடாதது நடந்திருக்கிறது.

“தேவி, வாத்தியாருங்க ஸ்டிரைக்கு. நெவில விசாரணைக்குன்னு கூட்டிட்டுப் போனாங்க, இன்னும் வரல. எங்க வச்சிருக்காங்கன்னு சொல்ல மாட்டேங்கிறாங்க. என் பாஸ்போர்ட்டு புதுப்பிக்க லண்டனுக்குப் போயிருக்கு, அதுவும் வரல. என் கையில ஒரு தாளு கெடையாது. பக்கத்து வீட்டுக்காரங்ககூட பயந்துக்கிட்டு எட்டிப் பாக்கல. புள்ளைய வச்சிக்கிட்டு நான் தனியா…”

அவ்வளவுதான். கோடு அறுந்தது. “லண்டன்! லண்டன்!” என்று கத்தினேன். இணைப்புப் போய்விட்டது என்று லண்டன் பெண் பதமாகச் சொன்னாள். ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் கோடு போட்டுக் கொடுக்கிறவள் நான். என் அக்காவைப் பிடித்து நிறுத்த என்னால் முடியவில்லை. அங்கேயே தேம்பி அழுதேன்.

பிறகு கோலாலம்பூரில் அந்த அரசாங்க அலுவலகத்துக்குப் போன் போட்டேன். வேறு அதிகாரி, அதே பதில். லண்டனுக்கு எழுதுகிறோம், வாரக்கணக்கில் ஆகும், அதற்குள் பிரிட்டிஷ்காரரிடம் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அப்பா அன்றைக்குக் கேட்ட கேள்வி எனக்கு அப்போதுதான் முழுசாக விளங்கியது.

பெண் வீடு சார்பாக

தோட்டத்து ஆபீசுக்குப் போன் போட்டுச் சொன்னதும், மத்தியானமே அப்பா ஈப்போ வந்துவிட்டார். சட்டையில் ரப்பர்ப் பால் காய்ந்து கிடந்தது. அவர் அழவில்லை, என்னையும் அழ விடவில்லை. நேராகச் சங்க ஆபீசுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

“கரும்பு வெட்டுறவனுக்கும் அங்க சங்கம் இருக்குன்னு மாப்பிள்ள சொன்னாரு. ஒரு சங்கம் இன்னொரு சங்கத்துக்குத் தந்தி குடுக்கலாம்லா?”

செயலாளர் அலமாரியைக் குடைந்தார். இரண்டு சங்கமும் உலகத் தோட்டத் தொழிலாளர் கூட்டமைப்பு ஒன்றில் உறுப்பினர்களாம். ஐரோப்பாவிலிருந்து வந்த புத்தகத்தில் அவர்கள் முகவரி இருந்தது.

“அதுவும் வெள்ளக்காரன் ஊரு வழியாத்தானா!” என்றார் அப்பா.

“அட்ரஸ் மட்டுந்தாண்ணே அங்கேருந்து. தந்தி அவங்க பேருக்கே போவும்.”

நான் பேனாவை எடுத்தேன். அப்பா சொல்லச் சொல்ல ஆங்கிலத்தில் எழுத வேண்டும். “எங்க பொண்ணு ஒங்க ஊருல இருக்கா. புருசன் விசாரணையில. அவ பக்கம் யாருமில்ல. பொண்ணு வீடு சார்பா நீங்க போயி நில்லுங்க.”

“அப்பா, கயானாக்காரனுக்குப் பொண்ணு வீடுன்னா என்னா தெரியும்? ‘உதவி தேவை’ன்னு எழுதிடுவோம்.”

“ஒதவின்னா வந்தாலும் வருவான், வராமலும் போவான். பொண்ணு வீடுன்னா வந்துதான் ஆவணும். நான் சொல்றத எழுது. வெத்தல பாக்கு வச்சு அழைக்கிறோம்னும் சேத்துக்க.”

“தந்தியில வெத்தல போவாதுப்பா!”

வெற்றிலையை விட்டுவிட்டேன். அக்காவின் முகவரியோடு ‘பெண் வீடு’ என்பதையும் எழுதினேன். எழுதும்போது எனக்குத் துளி நம்பிக்கை இல்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்களை எழுத எனக்குத் தெம்பில்லை. இணைப்புப் பலகையில் ஒவ்வொரு விளக்கு எரியும்போதும் அது லண்டனாக இருக்கக் கூடாதா என்று செத்துச் செத்துப் பிழைத்தேன். கடைசியில் ஒருநாள் அக்காவின் கால் வந்தது. இரண்டே வரி. நெவில் வீட்டுக்கு வந்துவிட்டார், பிள்ளை நன்றாக இருக்கிறான். மறுபடி கோடு அறுந்தது. இந்த முறை நான் சிரித்துக்கொண்டே அழுதேன்.

நடந்தது என்ன என்று முழுசாகத் தெரிந்தது, அடுத்த வருடம் மூன்று பேரும் தோட்டத்துக்கு வந்தபோதுதான். பந்தல் போட்டிருந்த அதே வாசலில் உட்கார்ந்து அக்கா சொன்னாள்.

அவர்கள் வீடுகள் தூண்மேல் நிற்குமாம், ஏறிப் போகப் படி. ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல், நல்ல மழை. கீழே ஒரு சைக்கிள் வந்து நின்றிருக்கிறது. வாட்டசாட்டமான ஆள். எரித்து வெட்டுகிற கரும்பின் கரி நகக்கண்ணில் ஏறியிருந்தது. அக்கா பயந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டாள். அந்த மனிதர் படியேறவில்லை. மழையிலேயே நின்று, தந்தியை உயர்த்திப் பிடித்து, அவர்கள் ஊர் ஆங்கிலத்தில் கத்தியிருக்கிறார்.

“பெண் வீட்டிலிருந்து வந்திருக்கிறேன்! கதவைத் திற, தங்கச்சி!”

“நம்ம ஊருலேருந்துதான் யாரோ வந்துட்டாங்கன்னு விழுந்தடிச்சு ஓடுனேன்ப்பா. பாத்தா, மொகமே தெரியாத ஆளு. நம்ம வம்சங்கூட இல்ல, ஆப்பிரிக்க வம்சத்து மனுசன். மறுநாளு இன்னும் நாலஞ்சு பேரக் கூட்டியாந்தாரு. வெசாரிச்சு, நெவில வச்சிருந்த எடத்துக்கு என்னயும் புள்ளையயும் நடுவுல விட்டுக் கூட்டிட்டுப் போனாங்க. ‘இவளுக்கு நீங்க என்ன வேணும்?’னு போலீசுக்காரங்க கேட்டாங்க. அத்தன பேரும் சொல்லிவச்ச மாதிரி, ‘பொண்ணு வீடு’ன்னாங்கப்பா. நெவிலோடதான் நாங்க திரும்பி வந்தோம்.”

கேலி பண்ணிக்கொண்டே நான் எழுதிய அந்த இரண்டு வார்த்தையைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு மனிதன் மழையில் நின்றிருக்கிறான். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்பா மட்டும் சங்கத் தலைவர் முகத்தோடு உட்கார்ந்திருந்தார். அவருக்கு இன்னும் ஒன்று தெரிய வேண்டியிருந்தது.

“பொண்ணு வீடுன்னு சொல்லிக்கிட்டு, வெறுங்கைய வீசிக்கிட்டா வந்தாரு?”

“இல்லப்பா. சைக்கிள் பின்னால ஒரு பை அரிசி, ஒரு பூசணிக்கா.”

அப்பா வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி, நிதானமாக மடித்து, வாயில் போட்டுக்கொண்டார்.

“அப்ப நம்ம ஆளுதான்,” என்றார்.